ஆழிப்பேரலைக்குப் பிந்தைய உளவடுச் சிகிச்சைகளும் நரம்பறிவியல் விளக்கமும்: மணற்காடு, நாகப்பட்டினம் களங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், தமிழர் வாழும் கடற்கரைகளில் உளவடுவைக் குணப்படுத்தும் சிகிச்சைமுறைகள் சில சோதித்துப் பார்க்கப்பட்டன. அவற்றுள் இலங்கையின் வடகரையில் மணற்காட்டிலும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் நடைபெற்ற இரு ஆய்வுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கொடிய நினைவை எடுத்துரைத்து எதிர்கொள்ளும் முறையும், மூச்சின்வழி உடலை அமைதிப்படுத்தும் முறையும் இரு களங்களிலும் இடம்பெற்றன. இரண்டிற்கும் நரம்பறிவியல் விளக்கங்கள் தரப்பட்டன. ஆனால், இரு களங்களின் முடிவுகளும் எந்த ஒரு விளக்கத்தையும் தனித்து உறுதிசெய்யவில்லை. சிகிச்சையின் செய்முறை, அதற்குத் தரப்படும் மூளைசார் விளக்கம், அதைக் கொண்டுசென்ற மனிதர்கள் ஆகிய மூன்றையும் பிரித்து நோக்குவதே இவ்வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளும் வழி என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: உளவடு, ஆழிப்பேரலை, நரம்பறிவியல், எடுத்துரைப்புச் சிகிச்சை, மூச்சுப்பயிற்சி, மணற்காடு, நாகப்பட்டினம், உளவளத்துணை.

முன்னுரை

ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 உயிர்களைக் கொண்டுசென்றது. அவர்களுள் 6000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையில் இறந்தோர் தொகை 30,000ஐத் தாண்டியது. வீடு, படகு, வலை ஆகியவற்றின் இழப்பு கணக்கிடப்பட்ட அளவிற்கு, உயிர்தப்பியோரின் உள்ளத்தில் ஏற்பட்ட இழப்பைக் கணக்கிடுவது எளிதாக இருக்கவில்லை. எனினும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு பேரிடரின் உளவியல் விளைவுகள் இவ்வளவு விரிவாகப் பதிவு செய்யப்பட்டது அரிது.

அப்பதிவுகள் இன்று பெரும்பாலும் மருத்துவ இதழ்களில் எண்களாகவே கிடக்கின்றன. அவற்றை வரலாற்றுச் சான்றுகளாகப் படிக்கும் முயற்சி தமிழில் குறைவு. 'மூளை அறிவியல் அடிப்படையிலான உளவடுச் சிகிச்சை' என்னும் தொடர் இன்று பயிற்சி வகுப்புகளிலும் ஆலோசனை மையங்களிலும் பரவலாக ஒலிக்கிறது. அத்தகைய சிகிச்சைகள் தமிழ் மண்ணில் சோதிக்கப்பட்டபோது உண்மையில் எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்னும் வினாவிற்கு விடைகாண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளவடு: சொல்லும் நோய்ப்பெயரும்

உடற்புண் ஆறிய பின்னும் எஞ்சும் தழும்பைக் குறிக்கும் 'வடு' என்னும் சொல், உள்ளத்துக் காயத்திற்கும் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. தீயால் வந்த புண் ஆறும், நாவால் வந்த வடு ஆறாது என்னும் வேறுபாட்டைத் திருக்குறளின் 129ஆம் குறள் நிறுவுகிறது. நவீன உளமருத்துவம் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது, ஆறாதது எனக் கருதப்பட்ட வடுவை ஆற்ற முடியுமா என்னும் வினாவும் உடன்வந்தது.

முதல் உலகப்போரில் 1915ஆம் ஆண்டில் 'குண்டதிர்ச்சி' என்னும் பெயரில் சார்லஸ் மையர்ஸ் விவரித்த நிலை, வியட்நாம் போருக்குப் பின் 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் மூன்றாம் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. நிகழ்ந்தது மீண்டும் மீண்டும் நினைவில் படையெடுப்பது, அதை நினைவூட்டுபவற்றை விலக்குவது, உடல் எப்போதும் விழிப்புநிலையில் இருப்பது ஆகியவை அந்நோயின் முதன்மைக் குறிகள்.

ஈழத்தில் இந்நோய்ப்பெயர் போரின் நடுவே வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் நூல், போர் தமிழர் உள்ளங்களில் விளைவித்த பாதிப்புகளை விரிவாகப் பதிவுசெய்தது. மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை முதலிய சொற்கள் ஈழத்தமிழ் மருத்துவ எழுத்தில் வேரூன்றின. ஆழிப்பேரலை வந்தபோது, தமிழ்நாட்டுக் கரையில் இன்னும் உருவாகிக்கொண்டிருந்த ஒரு சொற்களஞ்சியம் யாழ்ப்பாணத்தில் முன்னரே பயன்பாட்டில் இருந்தது. இரு களங்களையும் ஒப்பிடும்போது இவ்வேறுபாடு கருதத்தக்கது.

அச்சத்தின் நினைவு: ஆய்வுக்கூடச் சான்றுகள்

உளவடு பற்றிய நரம்பறிவியல் விளக்கம் மூன்று மூளைப்பகுதிகளை மையமாகக் கொண்டது. அபாயத்தை உணர்ந்து உடலை உசுப்புவது அமிக்டலா. நிகழ்ச்சியை இடத்தோடும் காலத்தோடும் பிணைத்து நினைவாக்குவது ஹிப்போகாம்பஸ். எழும் அச்சத்தை அடக்கி ஆள்வது முன்மூளைப் புறணி. கொடிய நிகழ்வின்போது அமிக்டலாவின் பதிவு வலுத்தும் ஹிப்போகாம்பஸின் பதிவு சிதைந்தும் போவதால், அந்நினைவு 'அன்று, அங்கு' என்னும் முத்திரையின்றி 'இன்று, இங்கு' நிகழ்வதுபோல் திரும்பவருகிறது என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இத்துறையின் முதன்மையான சான்றுகள் சில தமிழ்நாட்டிற்கு அண்மையிலேயே உருவாயின. பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தொடர் நெருக்கீட்டிற்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் அவை வளர்ந்தன. 2004இல் வெளிவந்த தொடராய்வில், 21 நாள் ஓய்வுக்குப் பின் ஹிப்போகாம்பஸ் மீண்டபோதும் அமிக்டலாவின் வளர்ச்சியும் அச்சநடத்தையும் நீங்கவில்லை. ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் மட்டும் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளில், மறுநாள் எம்மாற்றமும் தென்படவில்லை என்பதையும், பத்து நாட்களுக்குப் பின் அமிக்டலா நரம்பணுக்களில் புதிய இணைப்புமுனைகள் கூடியிருந்தன என்பதையும் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒருநாள் நிகழ்வின் விளைவு பின்னர் வளரக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்று.

சிகிச்சைக்கு வழிகாட்டிய கருத்துகள் இரண்டு. ஒன்று, அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்ப எதிர்கொண்டால் அச்சம் தணியும் என்னும் பாவ்லவ் காலத்துக் கருத்து. மற்றொன்று, நினைவுகூரப்படும் நினைவு சிறிது நேரம் இளகி, மீண்டும் உறுதிப்படுகிறது என்பது. காரிம் நேடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் 2000இல் எலிகளில் இதனைக் காட்டினர். இவை யாவும் விலங்காய்வுகள். எலியின் பத்து நாட்களை மனிதரின் பத்து நாட்களாகக் கொள்ள முடியாது. பெங்களூரு ஆய்வுக்கூடத்திற்கும் நாகப்பட்டினம் கரைக்கும் இடையே தொலைவு சில நூறு கிலோமீட்டரே எனினும், அறிவுநிலையில் இடைவெளி அதனினும் பெரிது.

சிலியிலிருந்து மணற்காடு வரை

எடுத்துரைப்புச் சிகிச்சையின் மூலம் ஆய்வுக்கூடம் அன்று. பினோசெட்டின் இராணுவ ஆட்சியில் சித்திரவதைக்குள்ளான சிலி நாட்டவரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்த உளவியலாளர் இருவர், பதிவுசெய்யும் செயலே நோயைத் தணிப்பதைக் கண்டு, 1983இல் புனைபெயர்களில் அதை வெளியிட்டனர். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பெர்ட் ஆகியோர் இம்மரபையும் அச்சநினைவு பற்றிய நரம்பறிவியலையும் இணைத்துப் புதிய முறையொன்றை வகுத்தனர். உகாண்டாவில் தஞ்சமடைந்திருந்த சூடானிய அகதிகளிடையே நடந்த அதன் சோதனை 2004இல் வெளியாயிற்று.

இம்முறையில் சிகிச்சை பெறுபவர் ஒரு கயிற்றைத் தம் வாழ்க்கையாகக் கொண்டு தரையில் விரிப்பார். இன்ப நிகழ்வுகளுக்குப் பூக்களையும் துன்ப நிகழ்வுகளுக்குக் கற்களையும் வைப்பார். பின்னர்ப் பிறப்பு முதல் வாழ்க்கையை முறையாக எடுத்துரைப்பார். ஒவ்வொரு கல்லிடத்தும் கதை மெதுவாகிறது. அப்போது கண்டது, கேட்டது, உடலில் உணர்ந்தது, எண்ணியது ஆகியவை இடம், நாள், நேரத்தோடு பிணைக்கப்படுகின்றன. உணர்வும் உடலும் சுமக்கும் நினைவு 'சூடான நினைவு' எனவும், காலமும் இடமும் சார்ந்த நினைவு 'குளிர்ந்த நினைவு' எனவும் அழைக்கப்படும்; முன்னதைப் பின்னதோடு சேர்ப்பதே இலக்கு. எடுத்துரைத்தது எழுதப்பட்டு, இறுதியில் அவருக்கே ஆவணமாக வழங்கப்படும்.

வடமராட்சிக் கிழக்கின் கடலோர ஊரான மணற்காட்டில் ஆழிப்பேரலைக்குப் பின் முகாம் அமைக்கப்பட்டது. பேரலை கடந்த மூன்று முதல் நான்கு வாரங்களில் நாய்னரும் குழுவினரும் இலங்கையின் மூன்று கடலோரச் சமூகங்களில் 264 சிறுவரை ஆய்ந்து, உளவடு நோய்க்குறிகள் 14 முதல் 39 விழுக்காடு வரை இருப்பதைக் கண்டனர். மணற்காடு அம்மூன்றனுள் ஒன்று. அங்கு நோய் முதற்கட்டமாகக் கண்டறியப்பட்ட 31 சிறுவர் இரு பிரிவாகச் சீட்டுமுறையில் பிரிக்கப்பட்டனர். 16 பேருக்கு எடுத்துரைப்புச் சிகிச்சையின் சிறுவர் வடிவமும், 15 பேருக்கு மூச்சுப்பயிற்சி, தசைத்தளர்ச்சி, தியானம் ஆகியவை சேர்ந்த முறையும் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டன. ஆறு மாதத்திற்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். கிளாடியா கட்டானியும் பிறரும் வெளியிட்ட இவ்வாய்வு, இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

இவ்வாய்வில் வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. சிறுவர்க்குச் சிகிச்சை அளித்தவர்கள் வெளிநாட்டு வல்லுநர்கள் அல்லர். முன்னரே பயிற்சி பெற்றிருந்த உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்கள். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் தந்த இடைவெளியில் வடக்கில் உளவளத்துணைப் பணிகள் வலுப்பெற்றிருந்தன. பேரலைக்குப் பின் ஒரு மாதத்தில் சிகிச்சை தொடங்க முடிந்தமைக்கு இம்முன்னேற்பாடே காரணம். அவர்கள் சிறுவரின் மொழியிலேயே பேசினர். 'அப்போது நெஞ்சு எப்படி இருந்தது' என்னும் வினா மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கப்பட்டது.

இரண்டாம் பிரிவின் பயிற்சிகளும் யாழ்ப்பாணத்திற்குப் புதியவை அல்ல. மந்திரம் அல்லது செபத்தை மீண்டும் மீண்டும் சொல்லுதல், பிராணாயாமம், சாந்தி ஆசனம் முதலிய மரபுவழி அமைதிப் பயிற்சிகளை நோயாளியின் சமயத்திற்கேற்பக் கையாளும்படி சோமசுந்தரம் ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தார். எனவே, மணற்காட்டில் ஒப்பிடப்பட்டவை ஒரு 'மேலை' முறையும் வெறும் ஒப்புநோக்குப் பிரிவும் அல்ல. தத்தம் வரலாறு உடைய இரு முறைகள்.

நாகப்பட்டினம் முகாம்கள்

தமிழ்நாட்டில் பணி வேறு வடிவில் நடந்தது. பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. நோயின் பரவல் பற்றிய கணக்கெடுப்புகளும் நடந்தன. பேரலைக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு மீனவக் கிராமத்தில் நடந்த ஆய்வு, 12.7 விழுக்காட்டினருக்கு உளவடு நோய் இருப்பதாகக் கண்டது. ஏனைய பெரும்பான்மையோர் துயருற்றும் நோயுறாதவராக இருந்தனர் என்பதும் இவ்வெண்ணின் பொருளாகும்.

சிகிச்சையைச் சோதித்த ஆய்வு, பேரலைக்கு எட்டு மாதங்களுக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஐந்து முகாம்களில் நடந்தது. 2010இல் தெரசா டெசிலோவும் பிறரும் அதை வெளியிட்டனர். கடும் நோய்க்குறிகள் கொண்ட 183 பேர் மூன்று பிரிவாயினர். முதற்பிரிவினர் நான்கு நாட்களில் எட்டு மணி நேர மூச்சுப்பயிற்சி பெற்றனர். இது வாழும் கலை மரபில் உருவானது. இரண்டாம் பிரிவினர் அதே பயிற்சியோடு, கொடிய நிகழ்வைத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கும் சிகிச்சையையும் பெற்றனர். மூன்றாம் பிரிவினர் ஆறு வாரம் காத்திருந்தனர். ஆறு வார முடிவில் நோய்க்குறி மதிப்பெண் முதற்பிரிவில் சராசரி 42.5, இரண்டாம் பிரிவில் 39.2, காத்திருந்தோரிடையே 4.6 என்ற அளவில் குறைந்தது. மூச்சுப்பயிற்சியோடு எடுத்துரைப்பைச் சேர்த்ததால் கூடுதல் பயன் புலப்படவில்லை.

இப்பயிற்சிக்குத் தரப்பட்ட நரம்பறிவியல் விளக்கம், நினைவைவிட உடலை மையமாகக் கொண்டது. மெதுவான, எதிர்ப்புடன் விடப்படும் மூச்சு வேகஸ் நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பி, விழிப்புநிலையில் இறுகிய உடலைத் தளர்த்துகிறது என்பது அவ்விளக்கம். பேரலைக்குப் பின் அந்தமான் தீவுகளில் சர்லி டெல்லஸ் குழுவினர் 47 பேருக்கு ஒருவாரம் யோகப் பயிற்சி அளித்து, இதயத்துடிப்பு, மூச்சுவேகம், தோலின் மின்தடை ஆகியவற்றைக் கருவிகொண்டு அளந்தனர். உடல்வழி அளவீட்டை மேற்கொண்டமை அவ்வாய்வின் தனிச்சிறப்பு.

முடிவுகளும் விளக்கங்களும்

மணற்காட்டில் எடுத்துரைப்பும் மூச்சும் ஏறத்தாழ ஒரே பயன் தந்தன. நாகப்பட்டினத்தில் மூச்சு மட்டும் பெற்றோரும் இரண்டும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு வயதினர், வெவ்வேறு அரசியற்சூழல் என்றிருந்தும் முடிவுகள் ஒத்துச்செல்கின்றன.

இவ்வொப்புமையை விளக்க மூன்று வழிகள் உள்ளன. நினைவும் உடலும் ஒரே நரம்பமைப்பின் இரு வாயில்கள். எதன்வழிச் சென்றாலும் அமிக்டலாவின் அச்சம் தணியும் என்பது முதல் வழி. அக்கறையுள்ள ஒருவர், தெளிவான ஒழுங்கு, தேறுவோம் என்னும் எதிர்பார்ப்பு ஆகிய பொதுக்கூறுகளே குணமாக்கின என்பது இரண்டாம் வழி. காலமே ஆற்றியது என்பது மூன்றாம் வழி. மணற்காட்டில் சிகிச்சை பெறாத பிரிவு இல்லை; பேரலை நடந்து ஒரு மாதமே ஆகியிருந்தது; எனவே, மூன்றாம் வழியை அவ்வாய்வு விலக்க இயலாது. நாகப்பட்டினத்தில் காத்திருந்தோர் தேறாமையால் மூன்றாம் வழி வலுவிழக்கிறது. ஆயினும் அங்கு முகாம்கள் முழுமையாக ஒவ்வொரு பிரிவிலும் வைக்கப்பட்டமையால், முகாம்களிடையே இருந்த வேறுபாடு முடிவைப் பாதித்திருக்கக்கூடும். மேலும் முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் இடையே தீர்ப்புக் கூற இரு ஆய்வுகளாலும் இயலாது. இரண்டிலும் மூளை அளக்கப்படவில்லை. வினாநிரலும் நேர்காணலுமே கருவிகளாயின.

ஆகவே, 'நரம்பறிவியல் அடிப்படையிலான சிகிச்சை' என்னும் தொடரில் 'அடிப்படை' என்னும் சொல்லைக் கவனத்தோடு கொள்ள வேண்டும். நரம்பறிவியல் இம்முறைகளுக்குக் கருதுகோள் தந்தது. பயிற்றுவோர்க்கும் பெறுவோர்க்கும் விளங்கும் மொழியைத் தந்தது. 'இது உன் குற்றமன்று, உடலின் இயல்பு' என்று சொல்ல இடந்தந்தது. இவை சிறுபயன்கள் அல்ல. ஆனால், சிகிச்சை பயன்பட்டது என்பதாலேயே அதன் விளக்கம் உண்மை என ஆகிவிடாது.

தனிமனித மூளையும் ஊரும்

இவ்விளக்கத்தின் மற்றோர் எல்லையைத் தமிழ்ச்சூழல் வெளிப்படுத்தியது. 2007இல் சோமசுந்தரம் வெளியிட்ட 'கூட்டு மனவடு' பற்றிய கட்டுரை, வடக்கில் காயமுற்றது தனிமனிதர் மட்டுமன்று, குடும்பமும் ஊருமே என வாதிட்டது. நம்பிக்கை குலைதல், உறவுகள் சிதைதல், முகாமில் பிறரைச் சார்ந்தே வாழப் பழகுதல் ஆகியவற்றை மூளைப்படம் காட்டாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாகப்பட்டினத்தில் உயிர்தப்பியோரிடம் குழுக்கலந்துரையாடல் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வும், மக்கள் முறைசார் மனநலச் சேவையினும் தம் தனிப்பட்ட, சமூக, ஆன்மிக வழிகளையே மேலாக மதித்தனர் எனக் கண்டது.

கட்டானியும் குழுவினரும் வடகிழக்கில் 296 தமிழ்ச் சிறுவரை ஆய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையும் இங்குக் கருதத்தக்கது. 30.4 விழுக்காட்டினருக்கு உளவடு நோயும் 19.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் இருந்தன. போரும் பேரலையும் மட்டுமன்றி, வீட்டில் வாங்கிய அடியும் தந்தையின் குடியும் பாதிப்போடு தொடர்புற்றிருந்தன. கயிற்றின் மீது சிறுவர் வைத்த கற்கள் அனைத்தும் கடலிலிருந்து வந்தவை அல்ல. நினைவைக் குளிர்விக்கும் சிகிச்சை நேற்றைய கல்லுக்குப் பயன்படும். இன்றிரவும் வீட்டில் விழப்போகும் கல்லுக்கு வேறு தீர்வு வேண்டும்.

கடலூர் மாவட்டத்திற்கான பொருத்தம்

இவ்வரலாறு கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கடலூர் மாவட்டம் இடர்களைத் திரும்பத் திரும்பக் காணும் நிலப்பகுதி. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. 2024ஆம் ஆண்டு இறுதியில் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. நெல்லிக்குப்பத்திற்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குக் கடல் தொலைவு. புயலும் வெள்ளமும் தொலைவல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் மனநலச் சேவையைப் பெறுவதை உரிமையாக்கியுள்ளது. அவ்வுரிமை இத்தகைய ஊர்களில் எவர்வழி நிறைவேறும் என்பதே நடைமுறை வினா.

மணற்காடு அதற்கொரு விடை வைத்திருக்கிறது. இடர் வருமுன்னரே உள்ளூர் ஆசிரியர்க்கும் செவிலியர்க்கும் பயிற்சி அளித்திருக்க வேண்டும். நாகப்பட்டினமும் ஒரு விடை வைத்திருக்கிறது. எட்டு மாதம் கடந்த பின்னும், குறைந்த செலவில், கூட்டாகக் கற்பிக்கத்தக்க பயிற்சி பயன்தரக்கூடும். இவ்விரு விடைகளுக்கும் மூளைவருடிக் கருவி தேவையில்லை.

முடிவுரை

நரம்பறிவியல் உளவடுவை அறிவதற்குப் புதிய கண்ணைத் தந்துள்ளது. எடுத்துரைப்புச் சிகிச்சையும் மூச்சுப்பயிற்சியும் தமிழ்க் களங்களில் துயர்தணித்துள்ளன. இவ்விரு செய்திகளும் உண்மை. ஆனால், முதற்செய்தி இரண்டாவதற்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படாத ஒன்று. செய்முறையையும் விளக்கத்தையும் ஒன்றாக்கும்போது, விளக்கத்தின் பெருமை செய்முறையின் விலையாக மாறுகிறது. அப்போது, முகாமில் சிறுவர் முன் அமர்ந்து, அவர் சொன்னதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்த ஆசிரியர் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார். மணற்காட்டுச் சிறுவர்க்கு வழங்கப்பட்ட வாழ்க்கைக்கதைகள் நோய்ப்பதிவுகள் மட்டுமல்ல. போரையும் பேரலையையும் கண்ட ஒரு தலைமுறையின் வாக்குமூலங்களும் ஆகும். சிலியில் வாக்குமூலமாகத் தொடங்கிய இச்சிகிச்சையின் ஆவணங்களை, உரியோரின் இசைவோடும் பெயர் காக்கும் பொறுப்போடும், தமிழ் வரலாற்றாய்வு தன் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும்.